எட்டு வால்வுகள்

12 பிப்ரவரி 2007, திங்கள்
முனிர்காவில் என் அறையிலிருந்து குப்பைமேட்டுக்கு இரண்டு பஸ். மேலே மண் போட்டு மூடி வருஷமாகிவிட்டது, உள்ளே இன்னும் அழுகிக்கொண்டிருக்கிறது. வால்வு வைத்த எட்டுக் குழாய் இறக்கி அந்த வாயுவை உறிஞ்சி, இப்போதைக்குக் கம்ப முனையில் சுடராக எரிக்கிறோம். இன்று மீத்தேன் ஐம்பத்திரண்டு சதம். ஒரு மாதம் இப்படியே நின்றால் மின்சாரம் எடுக்கும் எந்திரத்துக்கு அனுமதி கிடைக்கும். குழாயைச் சுற்றிக் காற்றுப் புகாமல் களிமண் அடைக்கும் பச்சைமுத்து அண்ணன் இன்று லீவு.

14 பிப்ரவரி
திட்டத் தலைவர் ராஜசேகரன் சார் போன். "வெள்ளிக்கிழமை அமைச்சகத்துலேர்ந்து வராங்க வேணு. சுடர் பெருசா தெரியணும்." எழுத்தில் எதுவும் தர மாட்டார். கால்வாசி திறந்திருந்த எட்டு வால்வையும் முழுக்கத் திறந்தேன். லாக் புத்தகத்தில் எழுதவில்லை.

15 பிப்ரவரி
சுடர் ஆள் உயரம். இன்னும் ஒரு நாள்தானே.

16 பிப்ரவரி
அவர்கள் கண்ணெதிரே சுடர் அணைந்தது. மீத்தேன் இருபத்தாறு. அளவுக்கு மீறி உறிஞ்சினால் மண் வழியாகக் காற்று உள்ளே போகும் — எம்.டெக். படித்தவனுக்குத் தெரியாதா? சார் அசரவில்லை. களிமண்ணைச் சரியாக அடைக்கவில்லை, அந்த ஆளை இன்றே நிறுத்திவிடுகிறோம் என்று இந்தியில் சொன்னார். பத்தடி தள்ளி நின்ற பச்சைமுத்து அண்ணன் என்னைப் பார்த்தார். நான் மீட்டரைப் பார்த்தேன்.

17 பிப்ரவரி
பச்சைமுத்து அண்ணன் குடியிருக்கும் தமிழர் குடிசைப்பகுதி, மதராசி கேம்ப் போனேன். அவர் மனைவி செல்வி அக்கா டீ கொடுத்தார். "நேத்துலேர்ந்து தூங்கல தம்பி. எந்தக் குழாயில ஓட்ட விட்டேன்னே கேட்டுக்கிட்டு இருக்காரு."
அண்ணன் சொன்னார்: "எதுன்னு சொல்லுங்க தம்பி. கூலி வேணாம், வந்து அடைச்சுத் தரேன்."
என்ன மனுஷன்டா நான்? அப்பவும் வாயத் திறக்கலையே.

19 பிப்ரவரி
லாக் புத்தகத்தில் பதினான்காம் தேதிக்குக் கீழே எழுதினேன்: எட்டு வால்வையும் முழுக்கத் திறந்தது நான். களிமண்ணில் குறையில்லை. கையெழுத்துப் போட்டு, அமைச்சகத்துக்கு நகலும் அனுப்பிவிட்டேன். யார் சொல்லித் திறந்தேன் என்று எழுதத் தைரியம் வரவில்லை.
சார் கேட்டார், "உன் கான்ட்ராக்ட் மார்ச்சோட முடியுதுல்ல?"
"ஆமா சார்."

22 பிப்ரவரி
அண்ணன் வேலைக்குத் திரும்பிவிட்டார். என்னோடு பேசவில்லை.

30 மார்ச், வெள்ளி
வால்வுகள் கால்வாசித் திறப்பில். ஒரு மாதமாக மீத்தேன் ஐம்பதுக்குக் கீழே இறங்கவில்லை. அனுமதி வந்துவிட்டது. எனக்கு நீட்டிப்பு இல்லை.
விடைபெறப் போனேன். எட்டு வால்விலும் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. சாவிக்கொத்து பச்சைமுத்து அண்ணன் இடுப்பில்.
"நீங்க தொறந்ததுக்காக இல்ல தம்பி," என்றார்.
அதற்காகத்தான்.