பல வீட்டு அரிசி

அம்மா,

நாளைக்கு நான் உடுத்த உன் வெள்ளைச் சேலையை அப்பா இன்று சாயங்காலம் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அந்துருண்டை நெடி முகத்தில் அடித்தது. மடிப்பைப் பிரித்து மூக்கை உள்ளே வைத்தேன். அந்த நெடிக்கு அடியில் நீ இருந்தாய். பஞ்சுத் தூசியும் தேங்காய் எண்ணெயும் கலந்த உன் கழுத்து வாசனை.

நாளைக்கு எனக்குத் திடப்படுத்தல்; சபையில் என்னை முழு அங்கமாகச் சேர்க்கிறார்கள். காலையில் முதல் பஸ்ஸில் அருப்புக்கோட்டைக்குப் போகிறோம். பேராயர் தலையில் கை வைத்து ஜெபிப்பார். அதன்பிறகு முதல் தடவையாக நான் அப்பமும் ரசமும் வாங்கித் திருவிருந்து எடுக்க வேண்டும். எனக்குப் பயமாக இருக்கிறது. தகுதியில்லாமல் அந்த அப்பத்தை வாங்கித் தின்றால் அதுவே ஆக்கினையாக, தண்டனையாக வந்து சேரும் என்று திடப்படுத்தல் வகுப்பில் சொன்னார்கள். காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துவிடலாமா என்றுகூட யோசிக்கிறேன். அப்பா தூங்குகிறார். விளக்குத் திரியை இறக்கி வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அவர் புரண்டு படுக்கும்போதெல்லாம் என் கை நின்றுவிடுகிறது.

மத்தியானம் அத்தை வந்திருந்தாள். "ஏடி, உங்காத்தா செஞ்சதுல கால்வாசி செஞ்சிருப்பியா நீ? கோயிலக் கூட்டுனா, கெடையில கெடந்தவுகளுக்கெல்லாம் கஞ்சி காச்சிக் குடுத்தா. நேரா மோச்சத்துக்குத்தேன் போயிருப்பா. நீ ஜெபத்துக்கு முழங்கால் போட்டா தூங்கி விழுகுற!" சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நீ பயந்தது எனக்கு மட்டும்தானே தெரியும். உன்னை அடக்கம் செய்த அன்று எல்லோரும் உன் நற்கிரியைகளையே பேசினார்கள். ஆனால் படுக்கையில் கிடந்தபோது நீ என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "நான் செஞ்சது பத்துமாடி?" என்று கேட்டாய். இரட்சிப்பு தேவன் சும்மா கொடுக்கிற கிருபையால்தான், நாம் செய்கிற கிரியையால் இல்லை என்று உபதேசியார் ஞாயிறு தவறாமல் சொல்வார். நீயும் கேட்டு ஆமென் சொல்வாய். ஆராதனை முடிந்ததும் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு கோயில் பின்கட்டுக்குப் போய்விடுவாய். உனக்கே பத்துமா என்று தெரியவில்லை என்றால் நான் எந்த மூலைக்கு?

உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைக் கோயிலுக்கென்று கலயத்தில் போட்ட பிறகுதான் மிச்சத்தைக் களைவாய். மழை இல்லாமல் நமக்கே காணாத நாட்களிலும் உன் பிடி சிறுத்ததில்லை. நீ படுத்தாய். தறிக்காரருக்கு ராட்டையில் நூல் சுற்றிக் கொடுப்பது நின்றது. பிறகு நம் வீட்டில் உலையும் நின்றது. அப்போதுதான் உபதேசியார் சம்சாரம், எல்லா வீட்டிலும் சேர்ந்த கைப்பிடி அரிசியில் ஒரு பெட்டி அள்ளிக்கொண்டு வந்தார்கள்.

"அக்கா, இது கர்த்தருக்குன்னு போட்டது. சும்மா வாங்கித் திங்க எனக்கு எறங்காது," என்றாய்.

"அவரு என்ன பசிச்சா கெடக்காரு? ஒனக்குத்தேன் குடுக்கச் சொல்லியிருக்காரு."

"அப்ப எந்திரிச்சதும் நூலு சுத்திக் குடுத்துக் கழிச்சுர்றேன்."

"ஆமா, ஆண்டவருக்கு வேட்டி நெய்ய நூலு பத்தலையாம். ஒன்னயத்தேன் தேடுறாரு. போவியா!"

நான் சிரித்துவிட்டேன். நீ சிரிக்கவில்லை. "சரி, நான் போட்ட அரிசிய மட்டும் குடுத்துட்டுப் போங்க," என்றாய்.

அவர்கள் அரிசியை முறத்தில் கொட்டி உன் பக்கத்தில் வைத்தார்கள். ரேஷன் புழுங்கல், பச்சரிசி, குருணை, யார் வீட்டுச் சிவப்பரிசியோ கொஞ்சம். "பெறக்கிக்கத்தா. எது ஒன்னோடதோ எடுத்துக்க."

நீ நிஜமாகவே தேடினாய், அம்மா. விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாய். பிறகு கை சோர்ந்துபோய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். அவர்கள் உன் முதுகைத் தடவிக் கொடுத்துவிட்டு, என்னிடம் அடுப்பைக் கண்ணால் காட்டிவிட்டுப் போனார்கள்.

கருவேல விறகில் கஞ்சி காய்ச்சினேன். பல வீட்டு அரிசி ஒன்றுபோல வேகாது. குருணை கரைந்து கூழாகிவிட்டது, புழுங்கல் இன்னும் நறுக்கென்று இருந்தது. கரண்டியில் எடுத்து உன் உதட்டில் வைத்தேன். நீ வாயைத் திறக்கவில்லை. முந்தின நாளிலிருந்து நானும் ஒன்றும் தின்றிருக்கவில்லை. உனக்கு எடுத்துச் சொல்ல எனக்கு வசனம் ஒன்றும் தோன்றவில்லை. அழுகைதான் வந்தது. "நீ குடிக்காட்டி நான் எப்படிம்மா குடிப்பேன்? எனக்குப் பசிக்குதும்மா."

வாயைத் திறந்தாய்.

இதைத்தான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். சும்மா கிடைத்ததை வாங்கிக்கொள்வதைக்கூட எனக்காகச் செய்கிற ஒரு வேலையாகத்தான் நீ செய்தாயோ? அப்படியானால் கடைசிவரை உனக்குச் சும்மா வாங்கத் தெரியவே இல்லையா? நினைக்க நினைக்க என் பயம் கூடியதே தவிரக் குறையவில்லை.

ஆனால் இன்றைக்கு உன் சேலையை முகத்தில் வைத்துக்கொண்டிருந்தபோது அதற்கு அடுத்து நடந்ததும் ஞாபகம் வந்தது. நான் என் பங்கைக் குடித்து முடித்து வாயைத் துடைத்துக்கொண்டேன். நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு கஞ்சிக் கும்பாவைப் பார்த்தாய்.

"இன்னுங் கொஞ்சம் ஊத்து," என்றாய்.

ஊற்றினேன். மென்றாய். "வெந்தும் வேகாமயும் கெடக்கு. யாரு வீட்டு அரிசியோ," என்று சொல்லி லேசாகச் சிரித்தாய்.

அது எனக்காக இல்லை, அம்மா. என் வயிறு அப்போது நிறைந்திருந்தது. கழித்துவிடுகிறேன் என்று நீ சொல்லவில்லை. எது என் அரிசி என்று கேட்கவில்லை. உனக்குப் பசித்தது, கேட்டாய், அவ்வளவுதான். அதற்குப் பிறகும் இரண்டொரு தடவை பத்துமா என்று கேட்டிருக்கிறாய். அன்றைக்குக் கேட்கவில்லை. அன்றைக்கு நன்றாகத் தூங்கினாய்.

நாளைக்குக் காய்ச்சல் என்று சொல்லமாட்டேன். முழங்கால் போட்டு அப்பத்துக்குக் கையை நீட்டும்போது சொல்ல வேண்டிய ஜெபத்தை மனப்பாடம் செய்திருக்கிறேன். பயத்தில் அது மறந்துதான் போகும். மறந்தால் மறக்கட்டும். பத்துமா என்று நீ கேட்டதும் என்னிடம்தான் இருக்கிறது, இன்னும் கொஞ்சம் ஊற்று என்று நீ கேட்டதும் என்னிடம்தான் இருக்கிறது. நாளைக்கு இரண்டாவதை எடுத்துக்கொண்டு போகிறேன்.