ரெண்டு தடவை எண்ணெய் அடிச்ச வரிசை

அண்ணா, நீ தூங்கற, எழுப்பல. கையெல்லாம் எண்ணெய், அதான் வாயால சொல்லி டைப் பண்றேன். போனை அடுப்புப் பக்கத்துல வச்சிட்டுப் போறேன். சோறு மூடியிருக்கு. பசிக்கலைன்னு ஆரம்பிக்காத.

நேத்து ஊருல அப்பா செத்துப்போன சேதி வந்ததும் நீ பாட்டுக்குத் தோட்டத்து மரங்களுக்கு ஸ்பிரே அடிக்கக் கிளம்பிட்ட. "உனக்கு நெஞ்சா, கல்லா?"ன்னு கத்திட்டேன். மொட்டு விரியறதுக்குள்ள எண்ணெய் அடிச்சாதான் செதில் பூச்சி மூச்சுமுட்டிச் சாகும், ஊருக்குப் போக முதலாளி லீவு தரமாட்டாரு, எல்லாம் தெரியும். தெரிஞ்சும் கத்திட்டேன்.

இப்போ தோட்டத்துக்குப் போய்ப் பார்த்துட்டு வந்தேன். வேலியோர வரிசையை ரெண்டு தடவை அடிச்சிருக்க. கிளையெல்லாம் எண்ணெய் வழிஞ்சு கிடக்கு, தொட்டுப் பார்த்ததுல என் கையெல்லாம் ஆயிடுச்சு. பக்கத்து வரிசையில ஒரு சொட்டுகூட இல்ல. ஒரு மரத்தையும் விடாத ஆளு நீ. முகமூடிக்குள்ள அழுதுட்டே அடிச்சிருக்க, இல்ல?

விட்ட வரிசையை நான் அடிச்சிடறேன். ரெண்டு தடவை அடிச்ச வரிசையில மொட்டு கருகிடுமோன்னு பயமாத்தான் இருக்கு. முதலாளி கேட்டா தங்கச்சி குழப்பிட்டான்னு சொல்லு.

வீட்டுச் சாவி உன் செருப்புக்கடியில.

அப்புறம், இந்தப் போனுக்கு அம்மா கூப்பிடுவாங்க. நீ அழவே இல்லைன்னு அவங்ககிட்டயும் சொல்லித் தொலைச்சிட்டேன். எடுத்துப் பேசுண்ணா. அழுகை வந்தா அடக்காத.