அம்மா காலேஜ் முடித்த பிறகு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான் சுகம், அப்பாவும் முழங்காலைத் தவிர மற்றபடி சுகம். நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றுக்குள் இருக்கும் குட்டியும் நன்றாக இருக்கிறீர்கள் என்று உன் குரலை வைத்தே தெரிந்துகொண்டேன், இருந்தாலும் ஒரு வரி எழுதிக் கேட்டால்தான் எனக்குத் திருப்தி. ஃபோனிலேயே பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். ஃபோனில் நீ பேச ஆரம்பித்தால் நான் எல்லாவற்றுக்கும் சரி, சரி என்று சொல்லிவிடுகிறேன், வைத்த பிறகுதான் எதற்குச் சரி சொன்னோம் என்று முழிக்கிறேன். அதனால் இதை நிதானமாக எழுதுகிறேன், நீயும் நிதானமாகப் படி.

முதலில் நல்ல செய்தி. ரிசல்ட் வந்துவிட்டது, உன் அம்மா பாஸ். என் உயிரை வாங்கிக்கொண்டிருந்த அக்கவுண்ட்ஸ் அரியரும் ஒருவழியாகத் தொலைந்தது. அப்பா அந்த ரிசல்ட்டைத் தன் ஃபோனில் வைத்துக்கொண்டு, வாஷிங் மெஷின் ரிப்பேருக்குப் போகிற வீட்டிலெல்லாம் காட்டுகிறார். ஒரு வீட்டில் "உங்க பொண்ணுங்களா?" என்று கேட்டார்களாம், இவர் "இல்லீங்க, என் வீட்டுக்காரம்மா" என்றாராம், அந்த அம்மாள் மெஷினை மறந்துவிட்டு என் கதையைக் கேட்க நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாராம். வீட்டுக்கு வந்து இதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, உன் கல்யாணத்தன்றுகூட அப்படிச் சிரிக்கவில்லை. பாவம், நான் படித்த காலமெல்லாம் சாயங்காலச் சமையல் அவர்தான். ஒரு நாள் உப்பு இருக்காது, மறுநாள் முந்தைய நாளுக்கும் சேர்த்து இருக்கும். நானும் வாயைத் திறக்காமல் சாப்பிட்டுவிட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொள்வேன்.

எல்லாம் உன்னால்தான் கண்ணு. நீ ஊருக்குக் கிளம்புகிற அமளியில் என் பழைய சர்டிஃபிகேட்டைக் கேட்டாய், உனக்குத்தான் எதற்கோ வேண்டியிருக்கிறது என்று எடுத்துக் கொடுத்தேன். நீ போன பிறகு மாலைக் கல்லூரியிலிருந்து ஃபோன் வருகிறது, எனக்குத் தெரியாமல் நீ என் பெயரில் போட்ட விண்ணப்பத்துக்கு இடம் கிடைத்திருக்கிறதாம். அன்றைக்கு உன்மேல் வந்த கோபத்துக்கு நீ பக்கத்தில் இருந்திருந்தால் முதுகில் ஒன்று வைத்திருப்பேன். முதல் நாள் வாசலில் காவலாளி என்னைப் பார்த்ததுமே "பேரண்ட்ஸ் மீட்டிங் நாளைக்குத்தாம்மா" என்று திருப்பி அனுப்பப் பார்த்தார். இப்படியே வீட்டுக்குப் போய்விடலாம் என்று எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. உன்னிடம் என்ன சொல்வது என்ற பயத்தில்தான் உள்ளே போனேன். வகுப்பில் எல்லாம் உன்னைவிடச் சின்னதுகள். ஆன்ட்டி என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கமாட்டேன் என்று சொன்னேன், அக்கா ஆக்கிவிட்டார்கள். அதில் ஒருத்தியைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேன், மூச்சுவிடாமல் பேசுவாள், அதனால் எல்லோருக்கும் அவள் புயல். நான் அக்கவுண்ட்ஸில் கோட்டைவிட்டதும் கேன்டீன் மூலை மேஜையில் உட்கார வைத்து, பற்று எது வரவு எது என்று குழந்தைக்குச் சொல்வதுபோல் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தாள். ஒரு தடவைகூடச் சலித்துக்கொள்ளவில்லை. நானாக இருந்தால் புத்தகத்தைத் தூக்கி எறிந்திருப்பேன், உனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த லட்சணம்தான் உனக்கே தெரியுமே.

கடைசியாக ஒரு ப்ராஜெக்ட் செய்து, வெளியிலிருந்து வரும் பரீட்சகர் முன்னால் பேச வேண்டும். நான் என் கர்ட்டன் வேலையையே எடுத்துக்கொண்டேன். படுக்கையறை ஜன்னலோரம் மெஷினைப் போட்டுக்கொண்டு இத்தனை காலம் தைத்ததை ஒரு கடையாக வைத்தால் எப்படி நடத்துவது, நாமே வீட்டுக்குப் போய் அளவெடுத்து, தைத்து, மாட்டியும் கொடுப்பது, பிறகு கிளினிக்குகளில் கட்டிலுக்குக் கட்டில் நடுவே போடுகிற திரைகளையும் பிடிப்பது என்று விவரமாகச் சொன்னேன். அவரும் தலையாட்டிக்கொண்டே கேட்டார். முடிவில், "எல்லாம் சரிம்மா, நீங்க ஒரு மாசம் படுத்துட்டா கடையை யார் பார்ப்பாங்க?" என்றார். நான் சட்டென்று "நான் படுக்கமாட்டேன் சார்" என்றுவிட்டேன். வகுப்பே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை, "அது பதில் இல்லையேம்மா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு ஏதோ குறித்துக்கொண்டார். யோசித்துப் பார், ஜுரத்தோடு சமைத்திருக்கிறேன், கையில் ஊசி ஏறிய அன்றைக்கும் தைத்திருக்கிறேன், எனக்குப் பதிலாக இன்னொருவர் என்று நான் நினைத்துப் பார்த்ததே கிடையாது. அதைப் பெருமை என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன். மதிப்பெண் அங்கேதான் குறைந்தது, குறைந்தது நியாயம்தான்.

அன்றைக்கு பஸ்ஸில் புயல் என் பக்கத்தில் உட்கார்ந்து எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தாள். பிறகு, "நான் பாத்துக்குவேன்னு சொல்லியிருக்கலாமேக்கா" என்றாள். உன்னை எப்படிம்மா நான் அங்கே இழுப்பது என்றேன். "நிஜமாத்தான் சொல்றேன், என்னைக் கூட்டு சேத்துக்குங்க" என்றாள். அவளுக்கு ஒரு பெரிய கம்பெனியில் வேலைக்கு ஆர்டர் வந்திருந்தது தெரியுமா? அதை வேண்டாம் என்கிறாளே என்று அவளுடைய அப்பா குதிகுதி என்று குதித்தார். நானே அவர்கள் வீட்டுக்குப் போனேன், அவளை வேலைக்குப் போகச் சொல்லுங்கள் என்று சொல்லத்தான் போனேன், ஆனால் அவள் எங்கள் கடை பற்றி அவரிடம் பேசுவதைக் கேட்டதும் எனக்கே அந்தக் கடையில் சேர வேண்டும்போல் ஆகிவிட்டது. கடைசியில் அவர், "ஒரு வருஷம் பாருங்க, அப்புறம் நான் பேசுவேன்" என்று இறங்கி வந்தார். மருந்துக்கடைக்கு மேலே மாடியில் ஒரு அறை பிடித்திருக்கிறோம். நல்ல வெளிச்சம், துணியைத் தரையில் படாமல் விரித்து வெட்டுகிற அளவுக்கு நீளமான மேஜை போட இடம் இருக்கிறது. படிக்கட்டுதான் ரொம்பக் குறுகல். ஆள் வைத்து ஏற்றலாம் என்றால் கேட்காமல் மெஷினை அப்பாவே தூக்கினார், முழங்கால் கதை அதுதான். வீங்கி இப்போது வற்றிவிட்டது, நீ பயப்படாதே.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் நீ, "காலேஜ்தான் முடிஞ்சிருச்சேம்மா, இனிமே அங்க என்ன இருக்கு, நீயும் அப்பாவும் இங்கயே வந்துருங்க" என்றாய். நான் பார்க்கலாம் என்றேன். பார்க்கலாம் என்று நான் சொன்னால் நீ அதைச் சரி என்று எடுத்துக்கொள்வாய், அது எனக்குத் தெரிந்தே சொன்னேன், அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. நேராகவே சொல்லிவிடுகிறேன். பிரசவத்துக்கு முன்பே வந்துவிடுவேன், அதில் மாற்றமில்லை. நீ திரும்ப வேலைக்குப் போகிறவரை குழந்தை என் மடியில்தான் இருக்கும். அதன் பிறகு நான் திரும்பி வந்துவிடுவேன் கண்ணு. இங்கே எனக்கு ஒரு வேலை ஆரம்பமாகியிருக்கிறது. பக்கத்துத் தெரு கிளினிக்கில் அளவெடுத்தாகிவிட்டது, நான் உன்னோடு இருக்கும் மாதங்களில் கடையைப் புயல் பார்த்துக்கொள்வாள், அவள் இருப்பதால்தான் என்னால் மெஷினுக்கு உறை போட்டு மூடாமல் உன்னிடம் வர முடிகிறது. நாளைக்கு இரண்டு தையல்காரர்களை வைக்க வேண்டும், பிறகு ஒரு சின்ன வண்டி, இப்படியெல்லாம் ஆசை வருகிறது. இந்த வயதில் எனக்கு ஆசை வருகிறதே என்று எனக்கே ஆச்சரியம்.

உன்னை விட்டுவிட்டேன் என்று நினைத்துவிடாதே. அந்தப் பரீட்சகர் என்னைக் கேட்ட கேள்வியை நீயும் உன் வீட்டில் கேட்டுப் பார். அம்மா வந்தால்தான் ஆகும் என்று இருக்கக்கூடாது, நீ படுத்தாலும் வீடு நடக்க வேண்டும். மாப்பிள்ளை நல்ல பிள்ளை, கேட்டால் செய்வார், நீதான் கேட்கமாட்டாய், அது என்னிடமிருந்து வந்த வியாதி. குழந்தையைக் குளிப்பாட்ட நான் அவருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுத்தான் அங்கிருந்து கிளம்புவேன், அவரிடம் இப்போதே சொல்லி வை. ஊரில் எல்லோரும் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார்கள், என் பிள்ளை என்னைப் படிக்க வைத்தாள். அப்படி ஒரு மகளைப் பெற்றுவிட்டு, படித்ததைப் பரணில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால் அது உனக்குச் செய்கிற மரியாதை இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

டாக்டர் எழுதிக்கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே, மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கு. சுகமாகப் பெற்றெடுத்து, பிள்ளையும் தாயுமாக நீண்ட நாள் சிரித்துக்கொண்டு இரு. இதைப் படித்துவிட்டு உனக்குக் கோபம் வரலாம். வந்தால் தாராளமாகக் கோபப்படு, ஃபோனில் நன்றாகத் திட்டு, நான் வைக்காமல் கேட்கிறேன். ஆனால் சாப்பிட்டுவிட்டுத் திட்டு.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா