புரிஞ்சுதா என்று கேட்டுவிட்டு நிற்காத குரல்

என் தாமு அண்ணாவுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்க வாய் வரவில்லை. ஒரகடம் ரோட்டில் அந்த கன்டெய்னர் லாரி உன் வண்டியைத் தட்டி ஒரு வருஷம் தாண்டிவிட்டது. திதி கொடுத்தோம், படத்துக்கு மாலை போட்டோம், எல்லாம் முடிந்தது. உன் ஷிப்ட் மட்டும் முடியவில்லை அண்ணா. நீ இன்னும் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறாய். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நீ லைன் லீடராக இருந்த, காருக்கு ஒயர் கட்டும் அதே லைனில்தான் நான் இன்னும் இருக்கிறேன். ஆனால் கிளிப் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, ஒயர் மாறிச் சொருகியிருக்கிறதா என்று நாங்கள் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்ததை இப்போது கேமரா பார்க்கிறது. ஏஐ கேமராவாம். அது பார்ப்பதை உட்கார்ந்து பார்க்கக் கொஞ்சம் பேர் போதும். அந்தக் கொஞ்சம் பேரில் ஒருத்தியாக வேண்டுமானால் பயிற்சிக்குப் போக வேண்டும். 'எதிர்காலத்துக்குத் தயாராவோம்' என்று வாசலில் பேனர் கட்டியிருக்கிறார்கள்.

முதல் நாள் வகுப்பில் விளக்கை அணைத்துவிட்டு வீடியோ போட்டார்கள். "அன்பான தோழர்களே" என்று ஒரு குரல் கேட்டது. உன் குரல். பக்கத்தில் இருந்த வள்ளி, "தாமு அண்ணன் கொரல் இல்ல இது?" என்று என் தொடையைப் பிடித்துக்கொண்டாள்.

புதுசாகச் சேர்ந்தவர்களுக்கு நீ பாடம் எடுத்ததையெல்லாம் அப்போது ரெக்கார்டு பண்ணி வைத்தார்களே, அதை மெஷினுக்குக் கொடுத்து உன்னைப் போலவே பேச வைத்திருக்கிறார்கள். செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்பார்கள். அவனாவது கொடுத்தான். உன்னிடம் கேட்காமலே எடுத்துக்கொண்டார்கள்.

என்ன பேசுகிறாய் தெரியுமா? "மாற்றத்தைத் தழுவுங்கள்" என்கிறாய். கல்யாண போட்டோவில் அண்ணி தோளில் கை போடச் சொன்னதற்கே நெளிந்தவன் நீ. "இன்னாம்மா, கை எங்க கீது, கண்ணு எங்க கீது" என்று எங்களை விரட்டிய வாயில், பள்ளிக்கூட ஆண்டு விழாத் தமிழ். சிரிப்பு வந்தது. அதோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன்.

"இந்தப் பயிற்சியை முடிக்கும் யாருக்கும் வேலை போகாது. இது என் வாக்கு" என்று சொன்னாய் அண்ணா. அடுத்து "புரிஞ்சுதா?" என்றாய். அந்த ஒரு வார்த்தையை மட்டும் உன் பழைய ரெக்கார்டிலிருந்து அப்படியே வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். நீ அதைக் கேட்டுவிட்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நிற்பாயே. ஒரு கை தூக்கியிருந்தாலும் மேலே போகமாட்டாயே. பழக்க தோஷத்தில் வள்ளி கை தூக்கினாள். பின்னால் இன்னும் சிலர் தூக்கினார்கள். வீடியோ அதுபாட்டுக்கு ஓடியது.

பயிற்சி கொடுக்க வந்த தம்பி விழுந்து விழுந்து சிரித்தார். "வீடியோவுக்குப் போய் கை தூக்குறீங்களேம்மா!" எல்லோரும் வெட்கப்பட்டுக் கையை இறக்கிக்கொண்டார்கள். நானும்தான்.

வள்ளிக்கு அப்போது படப்பையில் ஒரு மசாலா பாக்கெட் போடும் இடத்தில் வேலை தயாராக இருந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். நீ வாக்குக் கொடுத்துவிட்டாயே! பயிற்சியை முடித்தாள். கடைசி நாள் அவள் இருந்த முதல் குழுவுக்கு டேப்லெட்டில் ஒரு டெஸ்ட் வைத்தார்கள், பாதிக்கு மேல் இங்கிலீஷ். "அப்புறம் கூப்பிடுறோம்" என்று அனுப்பிவிட்டார்கள். மசாலா கம்பெனியிலும் வேறு ஆளைப் போட்டாகிவிட்டது. போன வாரம் ஷேர் ஆட்டோவில் பார்த்தேன். அடுக்குமாடி வீடுகளில் பெருக்கித் துடைக்கப் போகிறாள்.

"கம்பெனிக்காரன் சொல்லியிருந்தா நம்பியிருக்கவே மாட்டேன்டி. உங்க அண்ணன் சொன்னாரேன்னுதான் நம்பிகினு கெடந்தேன்" என்றாள். அவளுக்குக் கம்பெனி மேல் கோபமில்லை. உன் மேல்தான் கோபம். லேட்டாக வந்த நாளில்கூட ஒரு பொய் சொல்லித் தப்பிக்காதவன் நீ. உன் பெயரில் இப்படி ஒரு பழியா?

ஹெச்.ஆர். அதிகாரியிடம் போய்க் கேட்டேன். "உங்க அண்ணன் குரலுக்கு ஒரு மரியாதை இருக்கும்மா. அவர் சொன்னா ஜனங்க கேக்குறாங்க. உங்களுக்குப் பெருமைதானே?" என்றார். எடுத்துவிடுங்கள் என்றேன். "அவங்க சம்சாரமே சம்மதிச்சுட்டாங்களே" என்றார்.

நேராக வடக்குப்பட்டுக்கு, உன் வூட்டுக்குப் போனேன். நீ போன பிறகு அண்ணிக்குக் கம்பெனி கேன்டீனில் வேலை போட்டுக் கொடுத்தார்களே, அந்த யூனிபார்ம் சேலையைக்கூட அவள் மாற்றியிருக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். வள்ளியைப் பற்றியும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவள் கடைசியில், "டீ கேனை எடுத்துகினு போறப்ப அந்த வீடியோ போடுற ரூம் வாசல்ல கொஞ்சம் நிப்பேன். பேசிகினு இருப்பாரு. பொய்யா இருந்தா இன்னா கலா? அவரு கொரல்தானே" என்றாள்.

நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? அவளிடம் கொஞ்சம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். எடுக்கச் சொல்லி இனி அவளிடம் கேட்க மாட்டேன். அவளுக்கு மிச்சம் இருப்பது அந்த வாசல் ஒன்றுதான்.

ஆனால் உன் வாக்கைக் காப்பாற்றும் பொறுப்பு எனக்கும் உண்டு. திங்கட்கிழமை அடுத்த பயிற்சிக்கு வரும் புது ஆட்களுக்கு வகுப்பு. அதே நாளில் என் குழுவுக்கு டெஸ்ட். டெஸ்ட் எழுதுகிறவர்கள் அந்த வீடியோவை இன்னொரு முறை பார்த்தாக வேண்டுமாம். முதல் வரிசையில் போய் உட்காரப் போகிறேன். நீ "புரிஞ்சுதா?" என்று கேட்டதும் கை தூக்குவேன். வீடியோ ஓடும். அந்தத் தம்பி சிரிப்பார். நான் கையை இறக்க மாட்டேன்.

எதற்கு என்று கேட்டால், புது ஆட்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்வேன்: "எங்க அண்ணன் கை தூக்குனா நிறுத்துவாரு. இது நிக்கல. அப்ப இது எங்க அண்ணன் இல்ல. இது குடுக்குற வாக்கை நம்பிக் கைக்கு வர்ற வேற வேலைய வுட்டுடாதீங்க." அதற்குப் பிறகு என்னை டெஸ்ட் எழுத விடுவார்களோ மாட்டார்களோ, தெரியாது. வாசலில் டீ கேனோடு அண்ணி நின்றால் அவள் காதிலும் இது விழும். அவள் என்னை மன்னிக்க வேண்டும். இது சத்தியம் அண்ணா, உன் மேல் இல்லை, இப்போது உன் மேல் யார் வேண்டுமானாலும் சத்தியம் செய்கிறார்கள். என் மேல்.

கையை இறக்காத உன் தங்கச்சி,
கலா