இலையில் ஒரு சிகரெட்

இல்லை மாமா, சாம்பிராணி இல்லை. சிகரெட்தான். உங்கள் படத்துக்கு முன்னால், தலைவாழை இலையில், வடைக்கும் சர்க்கரைப் பொங்கலுக்கும் நடுவே புகைந்துகொண்டிருக்கிறது.

இன்று உங்கள் தலைத்திவசம். போனவருக்குப் பிடித்ததையெல்லாம் படைக்க வேண்டும் என்று உங்கள் அண்ணன் காலையிலேயே கடைக்குப் போய் ஒரு பாக்கெட் வாங்கி வந்தார். நீங்கள் குடித்த அதே பிராண்டு. யாரும் தடுக்கவில்லை. உங்கள் மகன்கூட.

இந்த வீட்டுக்கு நான் மருமகளாக வந்த முதல் வாரமும் இதே நாற்றம்தான். குளியலறை ஜன்னல் விளிம்பில் அணைத்த துண்டுகள், ஈரத்தில் ஊறிப் பழுப்பாகக் கசிந்தபடி. வாளியில் ஒன்று மிதந்தது. விடிவதற்கு முன் உங்கள் இருமல். காறி, இழுத்து, மறுபடி காறி, வாசலிலிருந்த செம்பருத்தியின் அடியில் துப்புவீர்கள். அந்தச் செடியில் நான் ஒரு பூ பறித்ததில்லை.

முகம் சுளிக்காமல் இருக்கப் பழகினேன். தேனியிலிருந்து வந்தவள், எம்.ஏ. படித்தவள். சுளித்தால் திமிர் என்பார்கள். உங்களுக்குக் காபி கொடுக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வேன். அதை நீங்கள் கவனித்திருக்கிறீர்கள்.

"ஏன் ஆத்தா, நான் நாறுறனா?"

நான் டம்ளரை நீட்டினேன்.

"சும்மா சொல்லு. இந்த வீட்டுல எல்லாருக்கும் மூக்கு செத்துப்போச்சு. ஒனக்குத்தேன் புதுசா இருக்கு."

"நாறுது மாமா."

அடுப்படியில் அத்தை எதையோ கீழே போட்ட சத்தம். நீங்கள் சிரித்தீர்கள். சிரிப்பு இருமலாயிற்று. முடிந்து நிமிர்ந்தபோது கண்ணில் நீர். "தெனமும் சொல்லு" என்றீர்கள். "நான் கேக்குறப்ப பொய் சொல்லாம சொல்லு. நான் விடப்போறேன்."

ஒரு மாமனார் மருமகளுக்குக் கொடுக்கிற வேலையா அது? கொடுத்தீர்கள். நானும் செய்தேன். மாலையில் ஜீப்பை நிறுத்திவிட்டு வாசலிலேயே நிற்பீர்கள். நான் பக்கத்தில் வந்து மூச்சை இழுத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். நாறுது. நாறுது. கொஞ்சம் நாறுது.

பகல் முழுக்க உங்களைக் காவல் காத்தவர்கள் ஜீப்பிலிருந்த பெண்கள். சுருளிப்பட்டியிலிருந்து அவர்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு வழியாக மலைக்குப் போவீர்கள். ஏலக்காய் எடுக்கும் வேலை. கால் நீட்ட இடமில்லாமல் உட்கார்ந்திருப்பார்கள். முன்சீட்டில் நீங்கள் ஊதுகிற புகை முழுவதும் காற்றோடு பின்னால் அவர்கள் முகத்துக்குத்தான் போகும். இத்தனை வருடமும் அதைச் சுவாசித்துக்கொண்டுதான் வேலைக்குப் போயிருக்கிறார்கள். விடப்போகிறேன் என்று நீங்கள் சொன்ன அன்று ஜீப்பே குலுங்கச் சிரித்ததாம்.

பேச்சியக்கா மட்டும் சிரிக்கவில்லை. வாயில் எப்போதும் புகையிலை அடக்கியிருப்பவள். அவள் உட்காருகிற பக்கம் ஜீப்பின் தகரமே சிவந்து காய்ந்திருக்கும். அதைக் கழுவும்போது நீங்கள் அவளைத் திட்டுவதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன்.

"நீரு சிகரெட்ட விடும், நான் பொகயிலய விடுறேன். யாரு மொதல்ல தோக்குறாகனு பாப்பமா?" என்றாளாம் அன்று.

"நீ சாயங்காலத்துக்குள்ள தோத்துருவ."

"நீரு மேடு ஏற முன்னாடியே தோத்துருவீரு."

அதற்குப் பிறகு உங்கள் கை சட்டைப்பைப் பக்கம் போனாலே ஜீப் முழுக்க ஏய் என்று கத்துமாம். சில்லறை எடுக்கக்கூட விடவில்லை என்று அத்தையிடம் புலம்பினீர்கள். மெட்டில் டீக்கடை வைத்திருந்த மலையாளி, உங்களைக் கண்டதும் சிகரெட் டப்பாவைப் பலகைக்கு அடியில் தள்ளிவிடுவார். "சேட்டா, சாயா மதி" என்பாராம், டீ மட்டும் போதும் என்று. நீங்களும் பேச்சியக்காவும் ஒன்றுமில்லாததற்கெல்லாம் சண்டை போட்டீர்கள். "இதுக ரெண்டும் குடிச்சு மென்டுக்கிட்டு இருந்தப்பவே நிம்மதியா இருந்துச்சு" என்று பின்சீட்டில் ஒருத்தி சொன்னதை நீங்களே வந்து சொன்னீர்கள்.

ஒருநாள் வாசலில் நின்று நீங்கள் கேட்கவே இல்லை. விலகி உள்ளே போகப் பார்த்தீர்கள்.

"நாறுது மாமா."

"தெரியும்."

ஏலக்காயை மென்று மறைத்திருந்தீர்கள். ஏலக்காய் வாசமும் அடியில் அந்த நாற்றமும் சேர்ந்து இன்னும் மோசமாக இருந்தது. மறுநாள் பேச்சியக்காவிடம் நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். அவள் வெளியே பார்த்துக்கொண்டே, "நேத்து நானும் ஒரு துண்டு போட்டேன். சரியாப் போச்சு. மறுபடி ஆரம்பிப்பம்" என்றாளாம்.

மறுபடி ஆரம்பித்தீர்கள். அந்த முறை நின்றது.

அதன்பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை, உங்கள் தலையணையைக் கையில் பிடித்துக்கொண்டு அறையிலிருந்து வந்தீர்கள். மூக்கருகே கொண்டுபோய், முகம் கோணி, தள்ளிப் பிடித்தீர்கள். உங்களுக்கு மூக்கு திரும்பியிருந்தது.

"இதுலயா ஆத்தா ஒங்க அத்த இத்தன வருசம் பக்கத்துல படுத்தா?"

அத்தை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. "இப்பத்தேன் தெரியுதாக்கும்" என்றாள்.

நீங்கள் தலையணையைக் கொல்லையில் போட்டுக் கொளுத்தினீர்கள். சட்டைகளைச் சோடா உப்பு போட்டு ஊறவைத்தீர்கள். தண்ணீர் டீ நிறத்தில் இறங்கியது. அதைப் பார்த்துக்கொண்டே நெடுநேரம் நின்றீர்கள். உங்கள்மேல் எனக்கிருந்த அருவருப்பு அன்று உங்களுக்கும் வந்துவிட்டது. எனக்கு அப்போது உங்களைப் பிடித்துப்போனது. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

நுரையீரல் அதற்கு முன்பே கெட்டிருந்தது. நோயை ரொம்பப் பிந்திக் கண்டுபிடித்திருக்கிறீர்கள் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரிக் கட்டிலில்கூட, ஆக்சிஜன் குழாயை விலக்கிவிட்டு, "இன்னைக்கு?" என்று கேட்டீர்கள்.

"மருந்து வாசம் மட்டுந்தான் மாமா."

கண்ணை மூடிக்கொண்டீர்கள். முகம் நிறைந்திருந்தது.

உங்களைக் கிடத்தியிருந்த அன்று பந்தலுக்கு அடியில் ஒரு தட்டு வைத்தார்கள். வெற்றிலை, பாக்கு, பீடி, சிகரெட். துட்டி வீட்டுக்கு வரும் ஆண்களுக்கு வைக்கும் மரியாதை. பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து உங்கள் கால்மாட்டில் ஊதினார்கள். "பழகுன ஒடம்பு. திடீர்னு விட்டா தாங்குமா? விட்டதுனாலதேன் போயிட்டாக" என்றார் உங்கள் அண்ணன். எல்லோரும் தலையாட்டினார்கள். மறுநாள் காபிக் கோப்பைகளை நான்தான் அள்ளினேன். அடியில் மிஞ்சிய காபியில் துண்டுகள் உப்பிக் கிடந்தன.

நீங்கள் போன அன்றே பேச்சியக்கா மறுபடி புகையிலை போட்டாள். கொல்லையில் என்னைத் தனியே பிடித்து, வாயை மறைத்துக்கொண்டு சொன்னாள். "நான் தோத்துட்டேன் ஆத்தா. அவுக செயிச்சுட்டாக."

அந்த வெற்றியைத்தான் இன்று இலையில் வைத்துப் புகைய விட்டிருக்கிறார்கள்.

காலையிலிருந்து அத்தையைச் சாம்பாருக்கு உப்புப் பார்க்க விடவில்லை. படைப்பதற்கு முன் நாக்கில் படக்கூடாது. உங்கள் அண்ணன், பெரிய மாமாதான் காவல். அதே பெரிய மாமா சிகரெட்டை உதட்டில் வைத்து, கன்னம் குழிய இரண்டு இழுப்பு இழுத்துப் பற்றவைத்தார். நுனி ஈரமாகப் பளபளத்தது. அதை அப்படியே இலையில், வடைமீது சாய்த்து வைத்தார். கும்பிட்டார்.

சூடம் ஏற்றப்போகும் நேரம். நான் சொன்னேன்.

"பெரிய மாமா, அது எச்சி."

"எது?"

"சிகரெட்டு. ஒங்க வாயில வச்சது."

அவர் இலையைப் பார்த்தார். உங்கள் மகன் என்னைப் பார்த்தார், பேசாதே என்பது போல. பெரிய மாமா பாக்கெட்டை எடுத்தார். "சரி, வேற ஒன்ன வைப்பம்."

"இழுக்காம எப்படிப் பத்தும்?"

திவசத்துக்கு வந்திருந்த பேச்சியக்கா பின்னாலிருந்து களுக்கென்று சிரித்தாள். பெரிய மாமாவுக்கு முகம் கறுத்தது. "வீட்டுக்கு வந்த புள்ள பேசுற பேச்சா இது? என் தம்பிக்குப் பிடிச்சத வைக்க, நான் இவகிட்டக் கேக்கணுமா?"

சாம்பல் நீண்டு வளைந்து வடைமேல் விழுந்தது. இன்று இதை விட்டுவிட்டால் வருடா வருடம் இதே இலை, இதே புகை. நீங்கள் விட்டது யாருக்கும் நினைவிருக்காது.

அத்தைதான் பேசினாள். உங்கள் படத்தைப் பார்த்துக்கொண்டே.

"அவுக அத விட்டுட்டாக. நான் கூட இருந்தேன்ல. எடுத்துப் போடு ஆத்தா."

நாற்றத்தை நாற்றம் என்று எதிரில் நிற்பவரிடம் சொல்லிவிடும் வழக்கம் உங்களால் வந்தது. கல்லூரியில் இல்லை, புத்தகத்தில் இல்லை. அதனால் எனக்கு நல்ல பெயர் இல்லை. போகட்டும்.

ஈர நுனியைத் தொடாமல் இரண்டு விரலால் எடுத்தேன். வாசல் சாக்கடையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். சோப்புப் போட்டுக் கை கழுவினேன். சாம்பல் விழுந்த வடையை எடுத்துவிட்டு வேறொன்று வைத்தேன்.