தண்ணீர் குடிக்காத எஞ்சின்

"தண்ணி துப்பாத எஞ்சினை நம்பி மடு மாதா கோயிலுக்கு..."

"அப்பா, இது கடலுக்குப் போற உங்கட வள்ளம் இல்லை! இந்த எஞ்சின் சூடு ஆறக் காத்தே காணும்!"

இஞ்சாருங்கோ, நேற்று நீங்களும் மகளும் போட்ட சத்தம் இன்னும் என் காதில் கேட்கிறது. இன்று விடிய ஆன்சலா, தான் திருத்திய, உள்ளே படுக்கை உள்ள அந்தப் பழைய வான் வண்டியில் என்னை முள்ளியவளை வரை கூட்டிப்போனாள். திரும்பி வந்ததும் வானின் பின்னால் உள்ள எஞ்சின் மூடியைத் திறந்து கையை நீட்டினேன். சொட்டுத் தண்ணீர் இல்லை. ஒரு காற்றாடி மட்டும் சுழன்று அவ்வளவு சூட்டையும் ஊதித் தள்ளுகிறது. மாதாவே என்று சிலுவை போட்டுக்கொண்டேன்.

பூசைக்குப் போகிறேன். சோறும் சொதியும் குசினி அடுப்பில் இருக்கிறது. இதைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் சூடு ஆறும் எஞ்சின் பூட்ட நீங்கள் வரச்சொன்ன மெக்கானிக் வந்தால், முதலில் நீங்களும் கையை நீட்டிப் பாருங்கோ.

வானை ஸ்டார்ட் பண்ணும் திறப்பு கதிரை மேல் கிடக்கிறது.

இதை எழுதாமல் போக மனம் வரவில்லை. வழியில் அவள் கேட்டாள்: "அம்மா, அப்பா எஞ்சினை நம்பேல்லையோ, என்னை நம்பேல்லையோ?"