மொட்டைமாடியில் வெளுத்த நூல்

ஆரணி,
மார்ச் 2006

என்னங்க,

மஸ்கட்டிலிருந்து நீங்கள் போனில் கேட்டபோது, அறிவியல் கண்காட்சியில் சுகன்யாவுக்குப் பரிசு கிடைக்கவில்லை என்று மட்டும் சொன்னேன். மீதியைச் சொல்ல வாய் வரவில்லை.

பள்ளிக்குக் கம்ப்யூட்டர் அறை வந்ததும், நெட்டில் படித்ததை என் வகுப்புப் பிள்ளைகளே சோதித்துப் பார்க்கட்டும் என்று ப்ராஜெக்ட் கொடுத்தவள் நான்தான். நம் மகள் எதிர்வீட்டுத் தறியில் மிஞ்சிய பட்டு நூல்களை மொட்டைமாடி வெயிலில் கட்டிவைத்தாள். சிவப்புதான் முதலில் வெளுக்கும் என்று நெட்டில் இருந்தது. மாடியில் நீலம் வெளுத்தது.

"தெனமும் பார்த்துகினே இருந்தேம்மா. நெட்ல போட்டிருக்கிறது தப்பு" என்றாள். அதையே கோணல் எழுத்தில் அட்டையிலும் எழுதினாள்.

டீச்சர் மகள் கொண்டுவந்தது இதுதானா என்று சிரிப்பார்களே என்று பயந்தேன். அதற்குப் பதிலாகச் சூரியக் குடும்பம் பற்றி நானே கம்ப்யூட்டரில் வண்ணப் படங்கள் தயாரித்து அவள் கையில் கொடுத்து அனுப்பினேன்.

கண்காட்சியில் நடுவர், "இதுல நீ என்னம்மா கண்டுபிடிச்சே?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்ல சார். இது எங்கம்மா செஞ்சது."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "பயத்துல உளர்றா சார், பொய் சொல்றா" என்றேன். எல்லோர் எதிரிலும்தான்.

மறுநாள் வகுப்பில் உண்மையைச் சொல்லி, அவளுடைய அட்டையைச் சுவரில் மாட்டினேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். அவள் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

வீட்டிலும் இப்போது "மிஸ், சாப்பாடு போடுங்க" என்றுதான் கேட்கிறாள்.

வெள்ளிக்கிழமை போன் செய்யும்போது அவளிடமே பேசுங்கள். நான் பக்கத்தில் இருக்கமாட்டேன்.

தலைகுனிந்து,
உங்கள் மனைவி